நகத்தளவு கிழிசல்

எண்ணூர்,
20 ஜனவரி 1929.

பிரியமுள்ள கிருபைக்கு,

உன் ஃப்ளோரா எழுதுகிறேன். நானும் குழந்தையும் எப்படி இருக்கிறோம் என்று நீயாகக் கேட்டு எழுதுவாய் என்று ஐந்து வாரம் காத்திருந்து அலுத்துப்போனேன். உன் கையில் பிறந்த பிள்ளையை அதற்குள் மறந்துவிட்டாயா? தினம் இரண்டு பிள்ளை பிறக்கிற ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தால் எந்தப் பிள்ளை எந்தத் தாயுடையது என்பதே நினைவில் நிற்காது போலிருக்கிறது. ராயபுரம் ஹாஸ்டலில் எட்டு வருஷம் ஒரே பாயில் படுத்தவள் என்பதற்காகவாவது நாலு வரி எழுதக்கூடாதா?

குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறாள். ஞானஸ்நானத்தை ஈஸ்டருக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம் என்றிருக்கிறோம். என் மாமியார் தன்னுடைய பெயரையே வைக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார். வேதக்கண். நான் உன் பெயரைத்தான், தேவகிருபை என்றுதான் வைப்பேன் என்று சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு உப்பளத்துக்கு ஓடிவிடுகிறார். உப்பை எடை போட்டுக் கால்வாய்ப் படகில் ஏற்றிவிடுகிற வேலையில் இத்தனை நிம்மதி இருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறதாம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கார்டில் எழுத முடியாத விஷயம் என்பதால் கவர் வாங்கினேன். பிரசவமான நாளிலிருந்து எனக்கு அந்த இடத்தில் எரிச்சல் நிற்கவே இல்லை. சிறுநீர் போகும்போது பல்லைக் கடித்துக்கொள்கிறேன். சம்மணம் போட்டு உட்கார முடியவில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் பால் கொடுக்கிறேன். பத்தாம் நாள் என்னை வீட்டுக்கு அனுப்பும்போது எல்லாம் சுகம் என்று நீ சொன்னதால், இது எல்லாருக்கும் இருப்பதுதான் என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மாமியார் கல்லுப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தார். அன்று நான் போட்ட சத்தத்தில் கால்வாயில் படகு தள்ளுகிறவர்கள் நின்று பார்த்தார்கள்.

இது என்ன, எப்போது போகும்? இவர் நல்ல மனிதர். நாற்பது நாள் கழிந்தும் ஒன்றும் கேட்காமல் இருக்கிறார். ஆனால் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. எனக்குத் தாய் இல்லை, அக்காள் தங்கை இல்லை. இதைக் கேட்க உன்னை விட்டால் ஆள் இல்லை.

உன்
ஃப்ளோரா


ராயபுரம்,
25 ஜனவரி 1929.

அன்பான ஃப்ளோரா,

உன் கோபம் நியாயம்தான், வாங்கிக்கொள்கிறேன். இங்கே எனக்குத் தலை சொறிய நேரமில்லை. நேற்று ஒரே நாளில் நான்கு பிரசவம். நான்காவது பெண் துறைமுகத்துக் கூலிக்காரருடைய மனைவி, கல்மண்டபத்திலிருந்து நடந்தே வந்துவிட்டாள். கட்டிலில் ஏறும் முன்பே பிள்ளை வந்துவிட்டது.

நீ எழுதியிருப்பது சாதாரண விஷயம். பிரசவத்துக்குப் பிறகு நிறையப் பேருக்கு இருக்கும். பயப்படாமல் நான் சொல்வதைச் செய்.

அந்த உப்பு ஒத்தடத்தை முதலில் நிறுத்து. பச்சைச் சதைக்குச் சூடு ஆகாது. நல்ல தண்ணீரைக் கொதிக்க வைத்துக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, அகலமான பேசினில் ஊற்றி, படிக்கு ஒரு சின்னக் கரண்டி உப்புப் போட்டுக் காலையும் மாலையும் பத்து நிமிஷம் அதில் உட்கார். பிறகு தேய்த்துத் துடைக்காதே, பழைய மல் துணியால் ஒற்றி எடு. அந்தத் துணியைக் கொதிக்க வைத்து வெயிலில் காயப்போட வேண்டும். சிறுநீர் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரைச் சொம்பால் ஊற்றிக்கொண்டால் எரியாது. கீரையும் பழுத்த வாழைப்பழமும் தினம் சாப்பிடு. மலம் இறுகினால் எல்லாம் கெட்டுப்போகும். குடம் தூக்காதே. இடப்பக்கம் பாரம் விழாமல் வலப்பக்கமே சாய்ந்து உட்கார், படுக்கும்போதும் அப்படியே படு. பதினைந்து நாளில் ஒட்டிக்கொள்ளும். உன் வீட்டுக்காரர் கொஞ்ச நாள் தள்ளியே இருக்கட்டும்.

இதற்காக இங்கே புறப்பட்டு வராதே. ரயில் ஆட்டமும் ஜட்கா குலுக்கலும்தான் உனக்குக் கெடுதல். எதுவானாலும் எழுது, கவரிலேயே எழுது. எங்கள் டாக்டரம்மா தபாலைத் தன் மேஜையில் வாங்கி வைத்துக்கொள்வார். கார்டு என்றால் அவர் படித்து, மற்ற நர்ஸ்கள் படித்து, ஆயாவுக்கும் படித்துக் காட்டியான பிறகுதான் என் கைக்கு வரும்.

எங்கள் தலைமை நர்ஸ் ஈஸ்டரோடு வேலையை விட்டு ஊருக்குப் போகிறார். அந்த இடத்துக்கு என் பெயர் அடிபடுகிறது. நீ எனக்காக ஜெபம் பண்ணு.

அன்புடன்
தேவகிருபை


எண்ணூர்,
14 பிப்ரவரி 1929.

என் கிருபைக்கு,

உன் கட்டளைகளை எல்லாம் வேதத்தின் பத்துக் கற்பனைகள் மாதிரி மனப்பாடம் பண்ணினேன். நீ தண்ணீரில் உப்புப் போடச் சொல்கிறாய். எங்கள் கிணற்றில் ஆண்டவரே போட்டு வைத்திருக்கிறார், அதுவும் கரண்டிக் கணக்கில்லாமல். வண்டியில் வரும் குடிநீரில் ஒரு குடம் தனியாக எடுத்து வைத்துத்தான் நீ சொன்னபடி செய்தேன். பேசினில் உட்கார்வதைத் துரைசானி வேஷம் என்கிறார் மாமியார். வேஷமோ என்னவோ, பத்து நாளில் எரிச்சல் பாதி குறைந்தது. சொம்புத் தண்ணீர் வித்தைக்காக உன்னை ஆயிரம் தடவை வாழ்த்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. இரண்டு மாதம் பொறுத்த மனிதர். கிருபை சொன்ன பதினைந்து நாள் ஆகிவிட்டதே என்று மெல்லக் கேட்டார். எனக்கும் மனம் இரங்கிப்போயிற்று. சரி என்றேன். கிருபை, ஆறியது எல்லாம் திரும்பக் கிழிந்தது. நான் வாய்விட்டு அலறிவிட்டேன். சேலையெல்லாம் ரத்தம். அவர் பயந்துபோய் எழுந்து சுவரோடு நின்றார். மறுநாள் மாமியார் காப்பியை என் முன்னால் வைத்து, “நானும் ஏழு பெத்தவதான். இப்படி ஊரைக் கூட்டல” என்றார். இவர் அதற்குள் வெளியே போய்விட்டார்.

அன்றிலிருந்து உப்பளத்து ஆபீஸிலேயே படுத்துக்கொள்கிறார். படகு ஏற்றும் வேலை அதிகமாம். பாத்தியில் இன்னும் புது உப்பே இறங்கவில்லை. எந்தப் படகில் எதை ஏற்றுகிறார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு அவரைப் பிடிக்காமல் போய்விட்டது என்று நினைக்கிறார் என்பது அவர் சோறு தின்கிற விதத்திலேயே தெரிகிறது.

இங்கே குப்பம்மா என்று ஒருத்தி. உப்பு வாருகிறவள், ஆறு பிள்ளை பெற்றவள். வீட்டில் துணி துவைக்க வருவாள். நான் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, “இன்னாம்மா நீ, புள்ள பெத்து மூணு மாசம் ஆவப் போவுது, இன்னும் கோணிகினே குந்திகினு கீற?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. கதவைச் சாத்திவிட்டு அவளே பார்த்தாள். பார்த்துவிட்டு, “இது நேத்து வந்தது இல்லம்மா. புள்ள வரச்சொல்லவே கீஞ்சிகீது. அன்னிக்கே ரெண்டு தையலு போட்டுகினா ஒட்டிகினு இருக்கும். யாரு உன்க்கு பிரசவம் பாத்தது, கண்ண மூடிகினு பாத்தாளா?” என்றாள்.

எனக்கு வந்ததே கோபம். என் சிநேகிதி பார்த்தாள், அவள் கண்ணுக்குத் தப்பி ஒன்றும் போகாது என்று அவளோடு சண்டை போட்டேன். அவளும் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். இரண்டு நாள் துணி துவைக்க ஆளில்லை.

ஆனாலும் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஒருநாள் வந்து உங்கள் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டுப் போகட்டுமா? இவர் கூட்டிக்கொண்டு வருவார். கேட்டால் மாட்டேன் என்கிற ஆள் இல்லை.

உன்
ஃப்ளோரா


ராயபுரம்,
18 பிப்ரவரி 1929.

அன்பான ஃப்ளோரா,

உன் கடிதத்தைப் படித்துத் தலையில் அடித்துக்கொண்டேன். பதினைந்து நாளில் ஒட்டும் என்றுதானே எழுதினேன், பதினாறாம் நாள் அவரைக் கூப்பிடு என்று எழுதினேனா? புதிதாக ஒட்டிய சதைக்கு ஆறு வாரமாவது வேண்டும். நீ இரங்கிப்போனாயாம். உன் இரக்கத்தை உன் உடம்பின் மேல் கொஞ்சம் வை.

திரும்பவும் முதலிலிருந்து எல்லாம் செய். தனிப் பார்சலில் போரிக் பவுடர் அனுப்பியிருக்கிறேன். நன்றாக உலர்ந்த பிறகு லேசாகத் தூவு. குழந்தைக்கு ஒரு கவுனும் வைத்திருக்கிறேன், கழுத்தில் பின்னல் என் கையால் போட்டது.

அந்தக் குப்பம்மாவை இனிமேல் பார்க்கவிடாதே. மூன்று வருஷம் படித்துச் சர்ட்டிபிகேட் வாங்கிய நான் சொல்வதைக் கேட்பாயா, உப்பு வாருகிறவள் சொல்வதைக் கேட்பாயா? அழுக்குக் கையோடு தொட்டு அவளே கெடுத்திருப்பாள்.

டாக்டரம்மா வெளியூர் போகிறார், ஈஸ்டர் வரை இருக்க மாட்டார். அதனால் வராதே. வேறெங்கும் போய்க் காட்டவும் செய்யாதே. தெரியாத இடத்தில் எடுத்த எடுப்பிலே கத்திரியைக் கையில் எடுப்பார்கள். இது நகத்தளவு காயம். பொறுத்தால் தானே ஆறும்.

வந்தவுடன் தலைமை நர்ஸ் யார் என்று டாக்டரம்மா முடிவு செய்கிறார். போன வருஷத்துப் பிரசவப் புத்தகம் முழுவதும் பார்ப்பாராம். எனக்கு அதுவே படபடப்பாக இருக்கிறது. நீ வேறு என்னைக் கவலைப்பட வைக்காதே.

அன்புடன்
தேவகிருபை


எண்ணூர்,
22 மார்ச் 1929.

கிருபைக்கு,

பார்சல் வந்தது. கவுன் அழகாக இருக்கிறது. பவுடர் தூவினேன். ஆறவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் போதகர் வந்தார். மருமகள் மனைவிக்குரிய கடமையைச் செய்வதில்லை, மகன் ஆபீஸ் பெஞ்சில் படுத்துக் கிடக்கிறான் என்று மாமியார் அவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார். போதகர் நாற்காலியில் உட்கார்ந்து, மனைவிகள் புருஷருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்கிற இடத்தை எடுத்து வாசித்துவிட்டு எனக்காக ஜெபம் பண்ணினார். இவர் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பாயில் குனிந்து உட்கார்ந்து கேட்டேன், வலப்பக்கமாகச் சாய்ந்தபடியே. எனக்கு என்ன வலி என்று இந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் போதகரிடம் எதைச் சொல்வது?

போதகர் போன பிறகு உன் கடிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு அழுதேன். ஆறுதலுக்காகத்தான் எடுத்தேன். படித்துக்கொண்டு வரும்போது ஒரு வரியில் நின்றுவிட்டேன். ஜனவரி மாதம் நீ எழுதியது. “இடப்பக்கம் பாரம் விழாமல் வலப்பக்கமே சாய்ந்து உட்கார்.”

நான் எந்தப் பக்கம் என்று உனக்கு எழுதவில்லையே, கிருபை. ஒரு பக்கமாகச் சாய்கிறேன் என்று மட்டும்தான் எழுதினேன். எனக்கே சரியாகத் தெரியாது, எல்லாம் சேர்ந்து எரிந்தது. குப்பம்மா பார்த்துச் சொன்ன பிறகுதான் இடப்பக்கம் என்று எனக்குத் தெரியும். அது பிப்ரவரியில். உனக்கு ஜனவரியிலேயே எப்படித் தெரியும்?

இதை நினைத்துக்கொண்டே இருந்ததில் பிரசவ நாள் முழுவதும் ஞாபகம் வந்தது. நான் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தேன். நீ என் பின்னால் நின்றாய். சுவர்க் கடிகாரத்தை நீ திரும்பித் திரும்பிப் பார்த்ததை நான் பார்த்தேன். வலி உச்சத்தில் இருக்கும்போது, “முக்கு ஃப்ளோரா, முக்கு, இன்னும் பலமாய் முக்கு” என்றாய். நான் முக்கினேன். குழந்தை அழுதது. உடனே நாலு மணி அடித்தது. நீ சிரித்துக்கொண்டே என் நெற்றியில் முத்தமிட்டாய்.

குப்பம்மாவைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு அவளிடம் கேட்டேன். “தல தெர்யச்சொல்ல யாராச்சும் முக்கச் சொல்வாங்களா? வாயால ஊதிகினு கெடன்னு தானே சொல்வாங்க. எங்க பாத்தியில பெத்தவளுக்கே அது தெர்யும்” என்றாள்.

நீ சொல்லடி. உன் வாயால் உண்மையைச் சொல்லிவிடு. நான் தாங்கிக்கொள்வேன்.

ஃப்ளோரா


ராயபுரம்,
27 மார்ச் 1929.

என் ஃப்ளோரா,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டு நான்காவதாக இதை எழுதுகிறேன்.

குப்பம்மா சொன்னது சரி. தலை தெரியும்போது முக்கக் கூடாது. வாயால் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்கச் சொல்ல வேண்டும். நர்ஸ் சுடுநீரில் நனைத்த துணியைக் கீழே வைத்து உள்ளங்கையால் தாங்கிக்கொள்ள வேண்டும். சதை மெதுவாக விரிந்து கொடுக்கும், தலை தானாக வழுக்கிக்கொண்டு வரும். பத்து நிமிஷம் பொறுத்தால் போதும். நான் நூறு பேருக்கு அப்படித்தான் செய்திருக்கிறேன்.

நாலு மணிக்கு நர்ஸ் மாறுவது எங்கள் வழக்கம். மணி அடித்துவிட்டால் கட்டிலை விட்டு விலகிவிட வேண்டும், பிள்ளை அடுத்தவள் கையில்தான் பிறக்கும், அவள் பெயரில்தான் எழுதப்படும். மூன்று ஐம்பதுக்கு எனக்குக் குழந்தையின் தலைமுடி தெரிந்தது. உன் பிள்ளையை வேறொருத்தி தூக்கி உன்னிடம் காட்டுவதை என்னால் தாங்க முடியவில்லை. ஹாஸ்டல் பாயில் படுத்துக்கொண்டு நாம் பேசியது நினைவிருக்கிறதா? நீ பெறுவாய், நான் எடுப்பேன் என்று. அந்த ஆசையில் முக்கச் சொன்னேன். பாவமான ஆசை என்று அப்போது தோன்றவில்லை.

குழந்தையைத் துடைத்து உன் மார்பில் வைத்துவிட்டுப் பார்த்தேன். இடப்பக்கம் நகத்தளவு கிழிந்திருந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிட்டிருந்தால் இரண்டு தையலில் முடிந்திருக்கும். எங்கள் பிரசவப் புத்தகத்தில் “கிழிசல் உண்டா” என்று ஒரு கட்டம் உண்டு. என் பக்கத்தில் வருஷம் முழுவதும் “இல்லை” என்றே இருந்தது. அதைத் திறந்து டாக்டரம்மா மற்ற நர்ஸ்களுக்குக் காட்டுவார். உன் பெயருக்கு எதிரேயும் “இல்லை” என்று எழுதினேன். சின்னக் கிழிசல் தானாகவே ஆறும் என்று பாடத்தில் படித்திருக்கிறேன். ஆறுவதற்கு ஓய்வு வேண்டும் என்பதையும் படித்திருக்கிறேன். அதைச் சொன்னால் ஏன் என்று நீ கேட்பாயே. எல்லாம் சுகம் என்று அனுப்பினேன். டாக்டரம்மா வெளியூர் போகிறார் என்று எழுதியதும் பொய். அவர் இங்கேதான் இருந்தார்.

நீ முதல் கடிதம் எழுதிய நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னை எப்படித் திட்டினாலும் திட்டு. இந்தக் கடிதத்தை மட்டும் படித்தவுடன் அடுப்பில் போட்டுவிடு. ஈஸ்டர் முடிந்து முடிவு சொல்கிறார்கள். எனக்கும் உன்னைப் போலவே தாய் தகப்பன் இல்லை. புருஷனும் இல்லை. எனக்கு இருப்பது இந்த வேலை ஒன்றுதான்.

உன்
கிருபை


எண்ணூர்,
24 ஏப்ரல் 1929.

கிருபைக்கு,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. அவரிடம் கொடுத்தேன். எனக்கு வலி நிஜம் என்பதற்கு இந்த வீட்டில் வேறு சாட்சி இல்லை. மூன்று தடவை படித்தார். பிறகு சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, “எழுந்திரு, போகலாம்” என்றார். பட்டணத்தில் வேறொரு பெண்கள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

அங்கே இருந்த டாக்டர் உன்னைப் போல் இனிமையாகப் பேசவில்லை. ஒட்டாமலே ஆறிக் கிடந்த ஓரங்களைத் திரும்ப வெட்டித்தான் தைக்க வேண்டும் என்றார். மயக்க மருந்து கொடுத்து மூன்று தையல் போட்டார். அன்றே தைத்திருந்தால் இரண்டில் முடிந்திருக்கும் என்று அவரும் சொன்னார். இருபது நாள் படுத்திருந்தேன். இவர் தினம் வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். நேற்று முன்தினம் வீட்டுக்கு வந்தோம். இனிமேல் ஆறிவிடும் என்கிறார்கள். இப்போதே சம்மணம் போட முடிகிறது.

ஆறாதது ஒன்று இருக்கிறது, அதையும் நீ தெரிந்துகொள். இவர் வீட்டிலேயே படுக்கிறார், ஆனால் என் பக்கத்தில் வரப் பயப்படுகிறார். தண்ணீர் கேட்டால் சொம்பை என் கையில் கொடுக்காமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்கிறார். தானும் சேர்ந்து என்னைக் கிழித்துவிட்டதாக நினைக்கிறார். அன்றைக்கே நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் ஆறு மாதம்கூடப் பொறுத்திருப்பார். எனக்கு அது தெரியும். அதை நினைத்தால்தான் எனக்கு உன் மேல் வயிறு எரிகிறது.

காயத்தை நான் மன்னித்துவிட்டேன். என் பிள்ளையை நீ எடுக்க வேண்டும் என்ற ஆசை எனக்கும்தான் இருந்தது. கடிகாரத்தை நான் பார்க்கச் சொன்னதாகவே வைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகு நாலு மாதம் மறைத்து வைத்து, வராதே, யாரிடமும் காட்டாதே, குப்பம்மாவைக் கிட்டச் சேர்க்காதே என்று எழுதிக்கொண்டே இருந்தாயே, அதை மன்னிக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்தப் புத்தகத்தில் என் பெயருக்கு எதிரே உன் கையாலேயே திருத்தி எழுது. “உண்டு” என்று எழுது. டாக்டரம்மாவிடம் நீயே சொல். அதைச் செய்துவிட்டு எனக்கு எழுது. ஞானஸ்நானத்தை அதுவரை தள்ளி வைத்திருக்கிறேன். உன் பெயரை வைக்க எனக்கு இன்னும் ஆசைதான்.

ஃப்ளோரா


ராயபுரம்,
20 மே 1929.

அன்புள்ள ஃப்ளோராவுக்கு,

நீ தேறிவிட்டாய் என்று அறிந்து கண்ணீர் விட்டு ஸ்தோத்திரம் பண்ணினேன். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்கு மன்னித்துக்கொள். வேலைப்பொறுப்பு கூடிவிட்டது.

நீ கேட்டதைப் பற்றி நிறைய யோசித்தேன். புத்தகத்தைத் திறந்து உன் பெயர் இருக்கும் பக்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பேனாவையும் எடுத்தேன். திருத்தினால் யாருக்கு நன்மை என்று யோசித்துப் பார். உன் காயம் ஆறிவிட்டது. நான் மட்டும் இங்கிருந்து போக வேண்டியிருக்கும்.

இங்கேயே இருந்தால் என்னால் செய்யக்கூடியது எவ்வளவோ இருக்கிறது. இந்த மாதமே ஒரு புது ஒழுங்கு கொண்டுவந்துவிட்டேன். தலை தெரிகிற நேரத்தில் மணி அடித்தாலும் நர்ஸ் மாறக்கூடாது. பிரசவம் இரண்டு பேர் பெயரிலும் எழுதப்படும். ஒருத்தரும் அவசரப்படுத்தக் கூடாது, வெந்நீர்த் துணி கையில் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போகும் தாய்மார்களுக்கு எப்படிக் கழுவுவது, எத்தனை வாரம் விலகியிருப்பது என்று நானே உட்கார்ந்து சொல்லி அனுப்புகிறேன். புருஷன்மாரையும் கூப்பிட்டுச் சொல்கிறேன். உனக்கு வந்தது இனி இந்த ஆஸ்பத்திரியில் யாருக்கும் வராது. இதை உன் நினைவாகவே செய்கிறேன். அந்த ஒரு வார்த்தையைத் திருத்துவதைவிட இது பெரியதல்லவா? நீயே நிதானமாக நினைத்துப் பார்த்தால் ஒப்புக்கொள்வாய்.

குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்து எழுது. ஒரு நாள் லீவு எடுத்துக்கொண்டு கட்டாயம் வருவேன். வெள்ளைப் பட்டு கவுன் தைத்து வைத்திருக்கிறேன். உன் வீட்டுக்காரருக்கும் மாமியாருக்கும் என் அன்பைச் சொல்லு.

என்றும் அன்பு மாறாத,
தேவகிருபை,
தலைமை நர்ஸ்.


தபால் கார்டு

எண்ணூர்,
12 ஜூன் 1929.

தலைமை நர்ஸ் தேவகிருபை அம்மாள் அவர்களுக்கு,

சென்ற டிசம்பர் மாதம் 3-ந் தேதி, மாலை நாலு மணி அடிக்கும் முன், தங்கள் ஆஸ்பத்திரியில் தங்கள் கையால் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்போது எனக்கு இடப்பக்கம் கிழிசல் ஏற்பட்டது. தாங்கள் அதைப் பார்த்தும் டாக்டரம்மாவிடம் சொல்லாமல் புத்தகத்தில் “இல்லை” என்று எழுதினீர்கள். ஏப்ரல் மாதத்தில் வேறு ஆஸ்பத்திரியில் மூன்று தையல் போட்டார்கள். இப்போது முழுவதும் ஆறிவிட்டது. தாங்கள் கைப்பட எழுதிய மார்ச் 27-ந் தேதிக் கடிதம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து பார்க்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை குழந்தைக்கு வேதக்கண் என்று பெயர் வைத்தோம். சுகமாக இருக்கிறாள். பட்டு கவுன் அனுப்ப வேண்டாம்.

தங்கள் கைக்கு வருமுன் இந்தக் கார்டைப் படிக்கிற டாக்டரம்மாவுக்கும், நர்ஸ்மார்களுக்கும், ஆயாவுக்கும் என் ஸ்தோத்திரம்.

இப்படிக்கு,
ஃப்ளோரா தவசிமுத்து